லாக் போட்ட ஒயர்

கலைமதி: அப்பிடி நெம்பாதீங்க. டிவி மூடி ஒடைஞ்சிரும்.

ரஞ்சித்: நெம்பாம வேற என்ன பண்றது, கெஞ்சிக் கேக்கறதா? எல்லா ஸ்க்ரூவும் கழட்டியாச்சு. வர மாட்டேங்குது.

கலைமதி: … ஸ்டாண்டு மாட்டற எடத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுக்கு அடியில இன்னொரு ஸ்க்ரூ இருக்கும் பாருங்க.

ரஞ்சித்: அட, ஆமா. உனக்கு எப்பிடித் தெரியும்?

கலைமதி: யூட்யூப்ல பாத்தேன். ஏங்க… இந்த ஸ்டிக்கர் ஏற்கெனவே கிழிஞ்சிருக்குதே.

ரஞ்சித்: எலி கடிச்சிருக்கும்.

கலைமதி: எலி ஸ்க்ரூ இருக்கற எடமாப் பாத்துக் கடிச்சுதாக்கும்.

ரஞ்சித்: நம்ம வூட்டு எலிக்கு அவ்வளவு வெவரம். நீ மொதல்ல தலையில கட்டுன துண்டை அவுரு. காத்தால குளிச்சது, இன்னுமா காயல?

கலைமதி: எனக்கு முடி அடர்த்தி, நேரமாவும். மூடியைத் தூக்குங்க. மெதுவா… உள்ள ஒயரு இருக்கும்.

ரஞ்சித்: தூக்கியாச்சு. போட்டா பேச்சு கேக்குது, படம் மட்டும் இருட்டு. நேத்துலருந்து டிவி ரேடியோவாயிருச்சு.

கலைமதி: … டார்ச் அடிச்சப்ப லேசா படம் தெரிஞ்சுதில்ல? அப்ப படம் இருக்குது. பின்னால எரியற லைட்டுதான் எரியல.

ரஞ்சித்: யூட்யூப்காரன் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கான்.

கலைமதி: எங்கண்ணன் அரூர்ல டிவி ரிப்பேர் கடையே வெச்சிருக்காரு. ஒரு போன் போட்டா கம்பைநல்லூருக்கு வரமாட்டாரா? நீங்கதான் கூப்புடக் கூடாதுன்னு…

ரஞ்சித்: அவரு பேச்சை எடுக்காத. போன வருசம் அவரு புது வூட்டுக்குப் பால் காய்ச்சுனப்ப, தங்கச்சி புருசனை நேர்ல வந்து வெத்தலபாக்கு வெச்சுக் கூப்புட்டாரா? போன்ல பத்திரிகையைத் தள்ளி வுட்டாரு. கூட ஒரு கும்புடு பொம்மை.

கலைமதி: வேலை மும்முரத்துல பண்ணிட்டாரு. நீங்க மட்டும்? போவவும் இல்ல, என்னைப் போவ வுடவும் இல்ல. கூடப்பொறந்தவ இல்லாமயே பால் காய்ச்சுனாரு. அதுலருந்து ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கறீங்க.

ரஞ்சித்: திருப்புனது திருப்புனதுதான்.

கலைமதி: அப்ப வர்ற வெள்ளிக்கெழமை தீர்த்தமலையில பூவிழிக்குக் காது குத்தறப்ப, கொழந்தை யாரு மடியில ஒக்காரும்?

ரஞ்சித்: எங்க பெரியப்பா மகன் மடியில என்ன முள்ளா இருக்குது?

கலைமதி: தாய்மாமன் கல்லுக்குண்டாட்டம் இருக்கறப்ப வேற மடியான்னு கோயில்லயே கேப்பாங்க. நான் யாரு மூஞ்சியைப் பாக்கறது? எனக்கு இருக்கறது ஒரே அண்ணன்ங்க. நெனைச்சா சோறே எறங்கல.

ரஞ்சித்: … அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு.

கலைமதி: போர்டுல கை வைக்காதீங்க. ப்ளக்கைப் புடுங்குனாலும் அந்த உருளை உருளையா இருக்கறதுல கரண்டு நிக்குமாம். கொஞ்சம் ஆறட்டும்.

ரஞ்சித்: சரி.

கலைமதி: … நீங்க கத்தாதீங்க, நான் சொல்றேன்.

ரஞ்சித்: நான் எங்க கத்துனேன்? வாயே தொறக்கலியே.

கலைமதி: கத்துவீங்கன்னு முன்கூட்டியே சொன்னேன். பாப்பா தூங்கறா.

ரஞ்சித்: ஓஹோ.

கலைமதி: இப்ப பிரஷ்ஷை எடுத்து தூசியைத் தட்டுங்க… அப்பறம் ஸ்பீக்கரைக் கழட்டி, அதையும் தொடைக்கணுமாம்.

ரஞ்சித்: லைட்டு எரியாததுக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம்?

கலைமதி: … அதெல்லாம் கேக்காம பண்ணச் சொல்றாங்க.

ரஞ்சித்: பண்றேன், பண்றேன். உங்கண்ணன் கடையில தூசி தட்ட ஒரு ஆளு, டீ வாங்கியார ஒரு ஆளு. அந்த மனுசனுக்குக் குனிஞ்சு வேலை பாக்கத் தொப்பை வுட்டாத்தானே.

கலைமதி: …

ரஞ்சித்: எதுக்கு சிரிக்கற?

கலைமதி: தொப்பை கொறைஞ்சிருச்சாம்.

ரஞ்சித்: யாரு சொன்னது?

கலைமதி: … அண்ணி. போன வாரம் சொன்னாங்க.

ரஞ்சித்: அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும். யப்பா, இந்தத் தக்காளி வண்டிக்காரன் அடிக்கற ஹார்ன்ல பாப்பா முழிச்சுக்கப் போவுது.

கலைமதி: ஆமா… எனக்கு ரெண்டு தடவை கேட்டுச்சு.

ரஞ்சித்: ஒரு தடவைதானே அடிச்சான்?

கலைமதி: … ஈரத் துண்டு, காது அடைச்சிருக்கு. அதை வுடுங்க. அந்த ஓரத்துல ரெண்டு ஒயரு இருக்குதாம், செவப்பும் கருப்பும். நுனியில வெள்ளையா ஒரு சொருகி. போர்டுல மாட்டியிருக்குதா?

ரஞ்சித்: இல்ல. தொங்குது.

கலைமதி: அதேதான். டிக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க.

ரஞ்சித்: ஆச்சு. தள்ளி நில்லு, ப்ளக்கைப் போடறேன்.

கலைமதி: … வந்துருச்சு. ஏங்க, படம் வந்துருச்சுங்க.

ரஞ்சித்: வந்துருச்சில்ல? இப்ப துண்டை அவுத்து, காதுல இருக்கற இயர்போனை எடு. ஸ்பீக்கர்ல போடு. மச்சான் இவ்வளவு நேரம் பேசுனதுல தொண்டை வறண்டிருக்கும்.

கலைமதி: … எப்பத் தெரியும் உங்களுக்கு?

ரஞ்சித்: ஸ்டிக்கருன்னு சொன்னியே, அப்பவே. அந்த ஸ்க்ரூவைக் கண்டுபுடிக்க நேத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கலைமதி: நேத்தா? நீங்களா கழட்டுனீங்க?

ரஞ்சித்: போடும்மா ஸ்பீக்கர்ல.

கலைமதி: … அண்ணா, போட்டுட்டேன். பேசுங்க.

ரஞ்சித்: மச்சான்.

மாதேஸ்வரன்: சொல்லுங்க மாப்ள.

ரஞ்சித்: அந்த ஒயரைப் புடுங்கி வுட்டது நான்தான். டிவி கெட்டா, நான் வேண்டாம்னாலும் இவ உங்களைக் கூப்புடுவா, வந்த எடத்துல பேசிக்கலாம்னு பாத்தேன். இவ போன்லயே முடிச்சுட்டா. இருந்தாலும் எங்க வூட்ல வெச்சு உங்களை அழைச்சா அது மொறையில்ல. சாயந்திரம் நாங்களே அரூர் வர்றோம். பூவிழி உங்க மடியிலதான் ஒக்காரணும்.

கலைமதி: ஏங்க…

ரஞ்சித்: அழுவாத. என்ன மச்சான், சத்தத்தையே காணோம்?

மாதேஸ்வரன்: அது லாக் போட்ட ஒயரு மாப்ள. ஆரும் அமுக்கி இழுக்காம கழண்டு வராது. ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்குன்னு கேட்டப்பவே எனக்கு வெளங்கிருச்சு.

கலைமதி: அப்பறம் எதுக்கு ஸ்பீக்கர் வரைக்கும் கழட்டச் சொன்னீங்க?

மாதேஸ்வரன்: ஒயரை மாட்டிட்டா நீ போனை வெச்சுருவியே. அதுக்குள்ள எனக்குத் தைரியம் வரணுமில்ல.

ரஞ்சித்: எதுக்குத் தைரியம்?

மாதேஸ்வரன்: உள்ள வர்றதுக்கு. கலை காத்தால கூப்புட்டப்பவே கெளம்பி வந்துட்டேன் மாப்ள. அந்தத் தக்காளி வண்டி என்னை வெலகச் சொல்லித்தான் ஹார்ன் அடிச்சுது, உங்க தெருமுனையிலதான் நிக்கறேன். கதவைத் தொறந்து வைங்க… பையில வெத்தலபாக்கு இருக்குது. போன வருசமே நேர்ல வந்து வெச்சிருக்க வேண்டியது.