அஞ்சரை மணிக்கு வச்ச விரல்

இவ்வளவு நேரமும் மைக் ஆன் ஆகாமலே பேசிட்டிருந்தேனாம்... இப்பத்தான் மைக்செட்காரர் வந்து ஒரு தட்டுத் தட்டிட்டுப் போறார். நீங்களும் பெரிய மனசு பண்ணித் தலையை ஆட்டிட்டே இருந்தீங்க. பத்தாவதை மூணு தடவை எழுதினவன் தொழிலாளர் சட்டம் பேசினா அப்படித்தாங்க ஆகும். சரி, சட்டத்தைச் சித்தே ஓரமா வைப்போம். சின்னதா ஒரு கதை இருக்கு, கேளுங்க. கதைன்னு சொல்றேனே ஒழிய, என் வீட்டுல நடந்தது.

என் பொண்ணு கோகிலவாணி ஒரு பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். அங்க ஒரு பழக்கம். சாயங்காலம் அஞ்சரை ஆனா எல்லாரும் வரிசையா வந்து, வேலை முடிஞ்சு கிளம்பறதா அட்டெண்டன்ஸ் மெஷின்ல விரல் வைக்கணும். வச்சுட்டு... வீட்டுக்குப் போவாங்களா? மாட்டாங்க. திரும்ப உள்ளே போய் எட்டு மணி வரைக்கும் தைக்கணும். அதுக்கு ஒரு டீ, ஒரு போண்டா. ஓவர்டைம்ங்கிற பேச்சே அங்க கிடையாது. 'கம்பெனிக்கு ஒத்தாசை'யாம்.

ஒரு நாள் ஏழு மணி வாக்குல ஊசி உடைஞ்சு பொண்ணு விரல்ல ஏறிடுச்சு. எலும்பு வரைக்கும். ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. வேலையில அடிபட்டதுன்னு கம்பெனி எழுதிக் கொடுத்தாத்தான், வீட்டுல படுத்திருக்கிற நாளுக்கு ஈ.எஸ்.ஐ.ல அதுக்கான பணம் வரும். போனேன்.

மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டறார். "பாருங்க பெரியவரே, உங்க பொண்ணு அஞ்சரைக்கே கிளம்பிட்டாங்களே."

"கிளம்பலைங்க சார். உள்ளே தச்சிட்டிருந்துச்சு. உங்க துணியைத்தான்."

"அஞ்சரைக்கு மேல உள்ளே நின்னா அது அவங்க சொந்த விருப்பம். கம்பெனி என்ன பண்ணும்?"

சொந்த விருப்பமாம்... கேட்டீங்களா? அந்த ஒத்தைப் போண்டாவுக்கு ஆசைப்பட்டு நின்னுச்சாம் என் பொண்ணு. வெளியே வந்து, பொண்ணு கூடத் தைக்கிற துளசிமணிங்கிற அம்மிணிகிட்ட அப்படியே சொன்னேன். கேட்டுக்கிட்டு உள்ளே போயிடுச்சு.

மறுநாளும் போய்க் கம்பெனி வாசல்ல நிக்கிறேன். அஞ்சரை. எல்லாரும் விரல் வச்சாங்க. வச்சுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு நேரா வெளியே நடக்கிறாங்க. விடிஞ்சா சரக்கு கன்டெய்னர்ல ஏறணும். மேனேஜர் ஓடி வர்றார்.

"எங்கம்மா போறீங்க?"

துளசிமணி நிக்காமலே சொல்லுது. "வீட்டுக்குங்க சார். அஞ்சரைக்கு மேல நின்னா எங்க சொந்த விருப்பம்னீங்களாமே. இன்னிக்கு விருப்பமில்லைங்க."

பின்னால ஒருத்தி, "போண்டா ஆறிடும், நீங்க சாப்பிடுங்க சார்"ங்கிறா.

அரை மணி நேரம்... அவ்வளவுதான். 'ராத்திரி ஏழு மணிக்கு, ஓவர்லாக் மெஷின்ல, வேலை செய்யறப்ப அடிபட்டது'ன்னு எழுதி, மேனேஜர் கையெழுத்துப் போட்ட காகிதம் என் கைக்கு வந்துடுச்சு. நிஜமா கிளம்பறப்பத்தான் இனி விரல்னும் ஆச்சு.

இதை எதுக்குச் சொல்றேன் தாய்மாரே... ஃபேக்டரியில ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலயோ, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேலயோ வேலை வாங்கினா ரெட்டைக் கூலி. ஒத்தாசை இல்லை, போண்டா இல்லை... ரெட்டைக் கூலி. முன்னாடியே ஏன் விரல் வைக்கச் சொல்றான்? அந்தக் கூலியை மறைக்க. கூலியோட சேர்த்து உங்களையும் மறைச்சுடறான். நீங்க அங்க இல்லவே இல்லை. உள்ளே செத்தாலும் வெளியே போய்ச் செத்த மாதிரிதான். கிளம்பாம விரல் வைக்காதீங்க. யார் சொன்னாலும் வைக்காதீங்க.

அன்னிக்குக் காகிதத்தைக் கொடுத்துட்டு, "மனசுல வச்சுக்காதீங்க"ன்னு மேனேஜர் கை நீட்டினார். நானும் குலுக்கினேன். நாக்கு நுனி வரைக்கும் ஒண்ணு வந்துச்சு... பொண்ணு திரும்ப அங்கதானே போகணும், முழுங்கிட்டேன்.

'உங்களுக்கு அஞ்சு விரலும் நல்லா இருக்குதுங்க சார்.'