நாற்பத்தேழாம் குடம்

— அங்கேயே நில்லுங்க சார். கயித்தைத் தாண்டாதீங்க.

— எனக்கே சொல்றீங்களாம்மா? இந்தக் கயித்தைக் கட்டச் சொன்னதே நான்தான்.

— அதனாலதான் சொல்றேன். கட்டச் சொன்னவரே தாண்டினா மத்தவங்க எப்படிக் கேப்பாங்க?

— சரி, தாண்டல. நான் சுகாதார அலுவலகத்துலருந்து...

— தெரியும் சார். போன மாசம் மூணாவது வரிசைக் கூடாரத்துக்கு வந்தீங்க. இதே வெள்ளை உடுப்பு. முகம் தெரியலன்னாலும் குரல் மறக்கல.

— ரைட்டு, ரைட்டு! முப்பத்தொண்ணு, குடம் நிரம்பிருச்சு, வந்து தூக்கு! முப்பத்திரண்டு, நீ கூடாரத்துக்குள்ளயே இரு, விசில் ஊதினப்புறம் வா! முண்டாதே, முண்டாதே... மன்னிச்சுக்குங்க சார். இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸுல கத்தின வாயி, சும்மா இருக்க மாட்டேங்குது.

— இவர் யாரு?

— கண்டக்டரண்ணே. எங்க ஊருல சண்டை வந்து பஸ்ஸு நிக்கிற வரைக்கும் பஸ்ஸுக்குக் கண்டக்டர். முகாமுக்கு வந்தப்புறம் தண்ணி வரிசைக்குக் கண்டக்டர்.

— வரிசை எங்கம்மா? ஒரு ஆளைக்கூடக் காணோம். வெறும் குடமால்ல நிக்குது.

— அதான் சார் வரிசை. ஆறடிக்கு ஒரு ஆள் நிக்கணும்னு சொல்லிட்டுப் போனீங்க. இருநூத்திப் பன்னெண்டு கூடாரம், ஒத்தைக் குழாய், தண்ணி வர்றது ரெண்டு மணி நேரம். ஆறடி விட்டு நின்னா வரிசை மெயின் ரோட்டைத் தாண்டிப் போகும். அப்புறம் யோசிச்சேன், தண்ணி வேணுங்கிறது குடத்துக்குத்தானே, ஆளு எதுக்கு நிக்கணும்? சுண்ணாம்புல வட்டம் போட்டோம். குடத்து மேல கூடாரத்து நம்பர். குடம் நிக்கும், ஆளு வீட்டுல இருக்கும்.

— யாரு யோசனை இது?

— தங்கச்சி யோசனைதான் சார். குழாயக்கான்னா இந்த முகாம்ல தெரியாதவங்க கிடையாது. தையல் கம்பெனில நூத்திருபது மெஷினுக்கு சூப்பர்வைசரா இருந்தது. எங்களையெல்லாம் ஒரு லைன்ல நிறுத்தறது அதுக்கு ஜுஜுபி.

— நல்ல யோசனை. எங்க ஆபீஸ்லயே இவ்வளவு ஒழுங்கு கிடையாது. ஆனா நீங்க ஏம்மா அவ்வளவு தூரத்துல, அந்தத் தொட்டிச் செவுத்துக்கிட்ட போய் உக்காந்திருக்கீங்க? கத்திப் பேச வேண்டியிருக்கு.

— நீங்க ஆறடி சொன்னீங்க. நான் இருபதடி வெச்சுக்கிட்டேன். தப்பா?

— தப்பில்ல. சரி, விஷயத்துக்கு வர்றேன். காலைல முகாமுக்குன்னு எங்ககிட்ட இருக்கிற போன் நம்பருக்குத் தகவல் அனுப்பியிருந்தோம். நாற்பத்தேழு, பாசிட்டிவ். பத்து மணிக்கு வண்டி வரும், தயாரா இருக்கச் சொல்லுங்கன்னு.

— வந்துச்சு.

— நாற்பத்தேழுக்கு இப்பதான் போயிட்டு வர்றேன். கூடாரம் காலி. பாயைச் சுருட்டி வெச்சிருக்கு, தரையெல்லாம் மருந்து தெளிச்சிருக்கு, ஆளைக் காணோம்.

— ஆளு பேரு என்னன்னு போட்டிருக்கு சார் உங்க லிஸ்ட்ல?

— பேரு இல்ல. அடையாள அட்டை இல்லாதவங்களுக்குக் கூடார எண்தான் போடுவோம். நாற்பத்தேழு, ஒரு நபர். அவ்வளவுதான்.

— ஆம்பளையா பொம்பளையான்னுகூட இல்லையா?

— அம்மா, வண்டி நிக்குது. இந்த உடுப்புக்குள்ள நான் வெந்துக்கிட்டிருக்கேன். அந்த ஆளு எங்க?

— பத்திரமா இருக்காங்க. மாதிரி எடுத்த அன்னையிலருந்து யாரையும் தொடல. தனிப் பாய், தனித் தட்டு. ஓட மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு. சுருக்கமாச் சொல்றேன், கேளுங்க. ஒரு பேப்பர்ல ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அடுத்த நிமிஷம் நாற்பத்தேழு உங்க வண்டில இருக்கும்.

— என்னது? பேரம் பேசறீங்களா?

— ஆமா சார்.

— ஒரு நோயாளியை ஒளிச்சு வெச்சுக்கிட்டு, அரசாங்க ஆளுகிட்ட பேரமா? போலீஸைக் கூப்பிட ஒரு நிமிஷம் ஆகாது எனக்கு.

— கூப்பிடுங்க. இருநூத்திப் பன்னெண்டு கூடாரத்தையும் அவங்க பிரிச்சுப் பார்க்கட்டும். உள்ள இருக்கிற ஜனம் பூரா வெளிய வந்து ஒரே கூட்டமா நிக்கும். அதுக்குத்தானா இந்த வட்டமெல்லாம் போட்டோம்?

— ஹோல்டான், ஹோல்டான்! ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. சார், நான் சொல்றேன். மூணாவது வரிசைக்கு வந்தீங்கல்ல? அந்தப் பெரியவரைக் கூட்டிட்டுப் போனீங்க, நல்லபடியா பார்த்து அனுப்பிட்டீங்க, அதுக்குக் கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா போகும்போது குழாய்ல ஒரு பேப்பரை ஒட்டிட்டுப் போனீங்க.

— அது விதிய்யா. தொற்று வந்தா அம்பது மீட்டருக்குள்ள இருக்கிற பொதுக்குழாயை மூடணும். நானா எழுதினேன் விதியை?

— நாலு நாள் சார். நாலு நாள் மூடியிருந்துச்சு. வேற தண்ணி ஏற்பாடு பண்றோம்னீங்க. யாரும் வரல. ஜனம் பின்னாடி இருக்கிற கழிவுக் குட்டைல மொண்டு குடிச்சுது. கொரோனா வந்த பெரியவரு பொழைச்சு வந்துட்டாரு. பேதி வந்து ரெண்டு குழந்தைங்க போயிருச்சு.

— எனக்கு... யாருமே சொல்லலையே.

— யாரு வந்தீங்க சார், சொல்றதுக்கு?

— அந்த ரெண்டுல ஒண்ணு என் பேத்தி. நாலு வயசு. சரி விடுங்க, அதைப் பேச ஆரம்பிச்சா நான் விசில் ஊத மாட்டேன். முப்பத்திரண்டு! வந்து எடுத்துக்கோ!

— ஐயா, நான்தான் அந்தப் பேப்பரை ஒட்டினேன். என் கையால ஒட்டினேன்.

— தெரியும் சார். அண்ணனும் நானும் உங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது? நல்லாக் கேளுங்க. இந்த முகாமுக்கு உங்க வண்டி எப்ப வருது? யாருக்காவது நோய்னாத்தான் வருது. ஆளைத் தூக்கிட்டா திரும்பிப் பார்க்காமப் போயிடுது. அடுத்த ஆளுக்கு நோய் வந்தாத்தான் மறுபடி வரும். அதனால இந்த வண்டி வெறுமனே நிக்கிற நேரம் இருக்கே, இதுதான் எங்களுக்குக் கிடைச்ச நேரம். இதை விட்டா எனக்கு வேற வழியில்ல.

— அதுக்காக ஒருத்தர் உயிரை வெச்சு விளையாடுவீங்களா? அந்த ஆளுக்கு எப்படி இருக்கு? காய்ச்சலா?

— மூணு நாளா காய்ச்சல். நேத்திலருந்து இருமல். பத்தடி நடந்தா மூச்சு வாங்குது. பேச்சு நல்லா இருக்கு.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

— மூச்சு வாங்குதுன்னா அவங்களை இப்பவே கூட்டிட்டுப் போகணும்மா! உங்க குழாய்க்காக அவங்களைப் பணயம் வெக்கிறீங்களே, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவங்க சம்மதிச்சாங்களா?

— இது அவங்க யோசனைதான் சார்.

— நம்ப முடியல. மனசாட்சி இல்லாத பொம்பளைம்மா நீங்க. எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன், உங்க மாதிரி கல்நெஞ்சைப் பார்த்ததில்ல.

— இருக்கட்டும். பேனா இருக்கா?

— தங்கச்சி, போதும்மா. குரல் கம்மிப் போச்சு. சீக்கிரம் முடி.

— கத்திக் கத்திக் கம்மிருச்சுண்ணே. ஒண்ணுமில்ல. சார், உங்க படிவத்துல, பொதுக்குழாய் மூடப்பட்டதான்னு ஒரு வரி இருக்கும். ஆமா, இல்லைன்னு பக்கத்துல கட்டம் இருக்கும். இல்லைங்கிறதுல டிக் போடுங்க. கீழ காரணம் எழுத இடமிருக்கு. கூட்டமே சேரலன்னு எழுதுங்க. கண்ணால பார்த்தீங்கல்ல?

— பார்த்தேன்... அது சரி, எங்க படிவம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— போன தடவை கிளிப் போட்ட அட்டையை இந்தத் தொட்டி மேல வெச்சுட்டு செருப்பைக் கழுவப் போனீங்க. படிச்சு வெச்சுக்கிட்டேன்.

— சரியான ஆளும்மா நீங்க. இருங்க... இந்தா, நாற்பத்தேழுன்னு எழுதின குடம் வரிசைல நிக்குதே! அந்த ஆளு இங்கதான் எங்கயோ இருக்காங்க!

— சார், சார், குடம் நின்னா ஆளு நிக்கணும்னு அவசியமில்ல. இவ்வளவு நேரம் அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கோம்? டிக்கெட்டு இருக்குறதுக்காக பாசஞ்சர் பஸ்ஸுல இருக்கணும்னு உண்டா? குளோரின் தண்ணில முக்கி நான்தான் கொண்டாந்து வெச்சேன்.

— சரிய்யா, சரி. டிக் போட்டாச்சு. பொதுக்குழாய் மூடப்படவில்லை. காரணம்: பயனாளிகள் நேரில் கூடுவதில்லை, குடங்கள் மட்டும் இடைவெளியில் வைக்கப்படுகின்றன. போதுமா?

— மூடாம இருந்தா மட்டும் போதாது சார். ரெண்டு மணி நேரத் தண்ணி பத்தல, ஆறு மணி நேரம் விடணும்.

— அதுக்குப் பொறியாளர்கிட்ட பேசணும். இருங்க... ஹலோ. நான்தாங்க, சுகாதார ஆய்வாளர். முகாம் குழாய்க்கு ஆறு மணி நேரம் திறந்து விடுங்க... ஆமா, அந்த முகாம்தான்... இல்லைங்க, மேலிடத்துல கேக்க நேரமில்ல. போன மாசம் நாலு நாள் மூடினோமே, ரெண்டு குழந்தைங்க செத்திருக்குங்க... எனக்கும் இப்பதான் தெரியும்... எழுதித் தர்றேன், என் பேருலயே எழுதித் தர்றேன். ஏதாவது வந்தா நான் பார்த்துக்கிறேன்... சரி, நன்றி. இன்னிக்கு மத்தியானத்துலருந்து வரும்மா.

— நன்றி சார். இனி ரெண்டாவது வரி.

— இன்னும் இருக்கா?

— நிவாரணச் சங்கத்து லாரி சோதனைச் சாவடில மூணு நாளா நிக்குது. சோப்பு, குளோரின், அரிசி. ஊரடங்கு பாஸ் இல்லன்னு விட மாட்டேங்கிறாங்க. கையைக் கழுவுங்கன்னு நீங்க அடிச்ச நோட்டீஸ் மட்டும் உள்ள வந்திருச்சு. சோப்பு வெளியவே நிக்குது.

— அந்தப் பாஸ் குடுக்கற அதிகாரம் எனக்கில்லம்மா.

— மருத்துவப் பொருள்னா சுகாதார ஆய்வாளர் கையெழுத்துப் போதும்னு சாவடிக்காரரே டிரைவர்கிட்ட சொல்லியிருக்காரு.

— சோப்பு, குளோரின் சரி. அரிசி எப்படி மருத்துவப் பொருளாகும்?

— அரிசியை லக்கேஜ்னு போட்டுருங்க சார்! சோப்பு பாசஞ்சர், அரிசி லக்கேஜ். எத்தனை மூட்டையை நான் அப்படி ஏத்தியிருக்கேன்!

— உங்க ரெண்டு பேருகிட்டயும் மாட்டிக்கிட்டு என் வேலை போகப்போகுது.

— போகாது சார். போனா இங்க வாங்க. ஒரு வட்டம் போட்டுத் தர்றோம்.

— சிரிக்காதீங்கம்மா. இருமல் வருது பாருங்க... தண்ணி குடிங்க. இந்தாங்க, எழுதிட்டேன். மருத்துவப் பொருட்கள், மற்றும் உடன் வரும் சரக்கு. உடனே அனுமதிக்கவும். ரெண்டுலயும் கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டாச்சு. வந்து வாங்கிக்கங்க.

— கண்டக்டரண்ணேகிட்ட குடுங்க. அண்ணே, சத்தமாப் படிங்க. கையெழுத்துக்குக் கீழ தேதி இருக்கா?

— இருக்கு தங்கச்சி. தேதி, முத்திரை, எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. சாவடிக்கு இப்பவே போட்டோ எடுத்து அனுப்பிடறேன்.

— அனுப்பிட்டு, போயிருச்சான்னு பாருங்க.

— போயிருச்சும்மா. லாரி டிரைவர் தம்பி... பார்த்துட்டான். வண்டியை எடுக்கறேங்கிறான்.

— ஐயா, ஏன் அழறீங்க? நல்லதுதானே நடந்திருக்கு?

— ஒண்ணுமில்ல சார். வயசாயிருச்சு, வெயிலு தாங்கல.

— சரிம்மா, நீங்க கேட்டதைச் செஞ்சுட்டேன். கொஞ்சம் முன்ன உங்களைக் கல்நெஞ்சுன்னு சொன்னேன், அதை நான் திரும்ப வாங்கிக்கிட்டதா நினைக்காதீங்க. அந்த ஆளு மூச்சு வாங்கிக்கிட்டு எங்கயோ கிடக்கறாங்க. இப்பவாவது சொல்லுங்க, நாற்பத்தேழு எங்க?

— கண்டக்டரண்ணே, குழாய்ச் சாவி அந்தக் குளோரின் வாளில கிடக்குது, கால் மணி நேரம் ஊறினதும் எடுங்க. நாற்பத்தேழாம் குடத்தை மட்டும் வட்டத்துலருந்து எடுத்துடாதீங்க, திரும்பி வந்து நானே தூக்கிக்கிறேன். சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நான் வண்டில ஏறணும்.