கப்பல் நிரம்பிவிட்டது

வெனிங்: அண்ணே, நான் சொல்றத முதல்ல காது குடுத்துக் கேளுங்க. எங்க அம்மா ஜெப்பாரா துறைமுகத்துல காலையிலேருந்து நிக்கிறாங்க. டிக்கெட் கிடைக்கல.

திகோர்: நீ முதல்ல சுவத்தைப் பாரு. அந்தப் பெரிய ஸ்கிரீன்ல என்ன தெரியுது?

வெனிங்: பச்சை.

திகோர்: எப்பேர்ப்பட்ட பச்சை! நம்ம டிக்கெட் இணையத்தளம் பொறந்ததுலேருந்து இப்படி ஓடினதே இல்லம்மா. கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள பக்கம் திறக்குது. தளம் ஒழுங்கா ஓடுதான்னு நிமிஷத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கிப் பாக்குதே நம்ம சோதனை ரோபோ, அது இன்னிக்கு ஒரு தடவைகூடத் தோக்கல. முதலாளி பாக் ஹென்தார்த்தோவே வந்து என் தோளைத் தட்டிட்டுப் போனார்...

வெனிங்: அந்தத் தோளை அப்புறமா தடவிக்கலாம். எங்க அம்மாவுக்கு ஏன் கிடைக்கல?

திகோர்: என்ன சொல்லுது அவங்க ஃபோன்ல?

வெனிங்: முதல்ல 'வரிசையில் காத்திருங்கள்'. அப்புறம் 'கப்பல் நிரம்பிவிட்டது'. மறுபடியும் காத்திருங்கள், மறுபடியும் நிரம்பிவிட்டது...

திகோர்: அப்ப நிரம்பிடுச்சு. பெருநாளுக்கு முன்னாடி தீவுக்குப் போற கடைசிக் கப்பல்மா அது. நிரம்பாம என்ன பண்ணும்? பெருநாள் முடிஞ்சு போகச் சொல்லு.

வெனிங்: முடியாது. அம்மா பெருநாளுக்கு முன்னாடி அங்க இருந்தாகணும்.

திகோர்: ஏன், அங்க யாரு காத்துட்டிருக்காங்க?

வெனிங்: ...போயாகணும்னா போயாகணும். அண்ணே, அந்தத் தெம்பே பொரியலை என் முன்னாடி மெல்லாதீங்க. நான் நோன்பு.

திகோர்: நான் கிறிஸ்தவன்மா, எனக்கு என்ன நோன்பு? மரியாதைக்கு மானிட்டர் பின்னாடி ஒளிச்சு வெச்சுத்தானே திங்கிறேன்?

வெனிங்: வாசனையை எங்க ஒளிப்பீங்க?

திகோர்: சரி சரி, மூடிட்டேன்... உன் ஃபோன் அடிக்குது பாரு. அம்மாவா?

வெனிங்: இல்ல, துறைமுகத்துல கப்பல் ஏணிகிட்ட டிக்கெட் பாக்கற பாக் தார்மின். எங்க ஊர்க்காரர். இருங்க, ரெண்டு பேருக்கும் கேக்கற மாதிரி போடறேன். சொல்லுங்க பாக் ஐயா.

தார்மின்: வெனிங், உங்க ஆபீஸ்ல யாருக்காவது புத்தி பேதலிச்சுப் போச்சா?

வெனிங்: என்னாச்சு பாக்?

தார்மின்: என்னாச்சா? கப்பல் நிரம்பிடுச்சுன்னு உங்க தளம் சொல்லுது. இங்க என் கண்ணு முன்னாடி கப்பல் காலியாக் கிடக்குது!

திகோர்: காலியான்னா... எவ்வளவு காலி?

தார்மின்: மேல் தட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. கீழ் தட்டுல ஒரு குடும்பம், ரெண்டு ஆடு, ஒரு மோட்டார்பைக். அவ்வளவுதான். டிக்கெட் எடுத்தவங்க லேட்டா வருவாங்கன்னு இவ்வளவு நேரம் நானும் வழிமேல விழி வெச்சுட்டிருந்தேன். ஒருத்தனும் வரல. கேட்டுக்கு வெளியில பாத்தா சந்தை மாதிரி கூட்டம். அத்தனை பேர் கையிலயும் ஃபோன். ஒருத்தருக்கும் டிக்கெட் இல்ல!

வெனிங்: யா அல்லா...

திகோர்: அஸ்தாகா! டிக்கெட் இல்லாட்டியும் உள்ள விட்டுடுங்களேன்!

தார்மின்: நீங்க வந்து விடுங்க. ஃபோன்ல வர்ற டிக்கெட்டோட க்யூஆர் கட்டத்தைக் காட்டினாத்தான் கேட் திறக்கும். கவுன்ட்டரை மூடி, எல்லாம் தளத்துலதான்னு ஆக்கினது யாரு? நானா? கேப்டன் புறப்படணும்னு கத்துறார். காத்து மாறுதாம். சீக்கிரம் எதையாவது பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்.

திகோர்: வெனிங், பயணிகள் பேர்ப் பட்டியலைத் திற. எந்த டிராவல் ஏஜெண்ட் மொத்தமா அமுக்கி வெச்சிருக்கான்னு பாப்போம். சிக்கட்டும், இன்னிக்கு அவன் தோலை உரிக்கிறேன்.

வெனிங்: திறந்துட்டேன்.

திகோர்: படிம்மா!

வெனிங்: நீங்களே வந்து பாருங்க.

திகோர்: நகரு... பிரஸ்தோவோ. பிரஸ்தோவோ. பிரஸ்தோவோ. இதென்ன... கீழ போ. இன்னும் கீழ. பிரஸ்தோவோ, பிரஸ்தோவோ... அட கடவுளே! கப்பல் பூரா ஒரே ஆளா?

வெனிங்: அண்ணே... கொஞ்சம் மெதுவா...

திகோர்: மெதுவாவா? ஏறக்குறைய எல்லா சீட்டும் இவன் பேர்ல இருக்குது! யாரிந்தப் பிரஸ்தோவோ? எந்த ஊர் ராஜா? ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட்தானே குடுப்போம்? விதியை மீறி இவனுக்கு எப்படி...

வெனிங்: இவனுக்கு விதி கிடையாது. நாமதான் விலக்கு குடுத்தோம்.

திகோர்: நாமளா?

வெனிங்: இது நம்ம ரோபோ அண்ணே. ரோபோ டிக்கெட் எடுக்கற பேரு இது.

திகோர்: ...என்னம்மா சொல்ற?

வெனிங்: நிமிஷத்துக்கு ஒண்ணு வாங்கிப் பாக்குதுன்னு இப்பத்தானே பெருமையாச் சொன்னீங்க? வாங்கினது எல்லாம் இங்க உக்காந்திருக்கு.

திகோர்: இரு இரு இரு. வாங்கும், உடனே ரத்து பண்ணும். அப்படித்தானே செஞ்சு வெச்சோம்? வாங்கறது, ரத்து பண்றது, திரும்ப வாங்கறது...

வெனிங்: ரத்து பண்ணல. ஒரு வாரமா வாங்கறது மட்டும்தான் நடக்குது.

திகோர்: ஒரு வாரமாவா! வேற எந்தக் கப்பல்லயும் இப்படி நடக்கலையே?

வெனிங்: ரோபோ எப்பவும் பட்டியல்ல கடைசியா இருக்கற கப்பலைத்தானே எடுக்கும்? பெருநாளுக்கு அப்புறம் போற கப்பலுங்க இன்னும் விற்பனைக்கே வரல. அதனால ஒரு வாரமா இதுதான் கடைசி.

திகோர்: ஐயையோ... அப்ப அந்தப் பச்சை?

வெனிங்: ரோபோவுக்கு டிக்கெட் கிடைக்குது. 'நிரம்பிவிட்டது'ன்னு பதில் வந்தாலும் அது தோல்வின்னு எண்ணாது. அதனால பச்சை.

திகோர்: ஜனங்களுக்குக் கிடைக்கல...

வெனிங்: ஜனங்களுக்குக் கிடைக்குதான்னு சுவத்துல நாம எதுவும் வைக்கவே இல்லையே அண்ணே. பெருநாள் கூட்டத்துல ரோபோ வரிசையில மாட்டி சிவப்பு வந்துடக் கூடாதுன்னு முதலாளி சொன்னாரு. நீங்க அதை வரிசைக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்துனீங்க. காலியாகற சீட்டையும் அதுதான் முதல்ல புடுங்கும்.

திகோர்: என் தலையில இடி விழ! பாக் ஹென்தார்த்தோ முகம் சுளிக்கக் கூடாதுன்னு ஒரு ஊரையே வெயில்ல நிறுத்திட்டோமே!

தார்மின்: ஹலோ! அங்க ஒப்பாரி வெச்சது போதும். இங்க ஏணியை எடுக்கப் போறாங்க!

திகோர்: பாக், கேப்டன் காலைப் பிடிச்சாவது நிறுத்துங்க! வெனிங், ரோபோவை நிறுத்து. பிரஸ்தோவோ டிக்கெட் அத்தனையும் மொத்தமா ரத்து பண்ணு.

வெனிங்: ரோபோவை நிறுத்தியாச்சு. ஆனா மொத்தமா ரத்து பண்ணா தளமே கொஞ்ச நேரம் படுத்துடும். சுவர் பூரா சிவப்பாகும்.

திகோர்: ஆகட்டுமே... ஐயோ, பக்கத்து ரூம்ல அமைச்சகத்து ஆளுங்க இருக்காங்களே!

வெனிங்: ஆமா. முதலாளி கண்ணாடி வழியா நம்ம சுவத்தைத்தான் காட்டிட்டிருக்காரு. அதோ, உங்களைப் பாத்துக் கையாட்டுறாரு.

திகோர்: நானும் ஆட்டுறேன்... சிரி, வெனிங், சிரி. என் வேலை ஒப்பந்தம் பெருநாளோட முடியுதும்மா. புதுப்பிக்கறது அவர் கையில இருக்கு.

வெனிங்: எங்க அம்மா பயணம் உங்க கையில இருக்கு. ஒருத்தர் மட்டும் பண்ண முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தர் கேக்கணும், இன்னொருத்தர் ஒப்புதல் குடுக்கணும். அமுக்குங்க அண்ணே.

திகோர்: முதல்ல ஒண்ணு சொல்லு. ரோபோவுலேருந்து ரத்து பண்ற படியை எடுத்தது யாரு? எந்த அறிவுகெட்டவன் எடுத்தான்?

வெனிங்: அதை இப்ப ஏன் கேக்கறீங்க?

திகோர்: முதலாளி கேக்கும்போது ஒரு பேரு சொல்ல வேணாமா? பகல் ஷிஃப்ட்ல இருக்கற அந்தப் பாண்டுங்காரனா? அவன்தான் எதையும் பாதியில விட்டுட்டு டீ குடிக்கப் போவான்.

வெனிங்: அவன் இல்ல.

திகோர்: பின்ன?

வெனிங்: அப்புறம் சொல்றேன். தயவு செஞ்சு அமுக்குங்க!

திகோர்: சரி, வர்றது வரட்டும். நீ முதல்ல கோரிக்கை போடு... என்ன முழிக்கற?

வெனிங்: யார் டிக்கெட்டை ரத்து பண்றோமோ அந்தப் பேரை டைப் பண்ணச் சொல்லுது.

திகோர்: பண்ணு. பிரஸ்தோவோ.

வெனிங்: நீங்க பண்ணுங்க அண்ணே.

திகோர்: உன் முன்னாடிதானே கீபோர்டு இருக்கு?

வெனிங்: என்னால முடியல. நீங்க டைப் பண்ணுங்க, நான் ஒப்புதல் குடுக்கறேன்.

திகோர்: சிவப்புக்கு இவ்வளவு பயமா உனக்கு? தள்ளு... பிர-ஸ்-தோ-வோ. போட்டாச்சு. ம், இப்ப நீ, வெனிங்!

வெனிங்: அமுக்கிட்டேன்.

திகோர்: போச்சு... போச்சு... சிவந்துடுச்சு. எல்லாம் சிவந்துடுச்சு. ஐயோ, கண்ணாடிப் பக்கம் பாக்காத. முதலாளி மொகம் அதைவிடச் சிவப்பா இருக்கு.

வெனிங்: சீட்டு விடுபடுதா பாருங்க.

திகோர்: விடுபடுது... பாதி போச்சு... இன்னும்... தளம் எழுந்துடுச்சு! வித்துட்டிருக்கும்மா, வித்துட்டிருக்கு! சுலாஸ்த்ரி... முக்லாஸ்... தர்யாந்தி... ஆளுக்கு ஒரு பேரு! எவ்வளவு அழகா இருக்கு பாரு, ஆளுக்கு ஒரு பேரு!

தார்மின்: கேட் திறந்துடுச்சு! ஏ, தள்ளாதீங்கப்பா, குழந்தை இருக்கு! கோழிக்கூடையைத் தலைக்கு மேல தூக்காதே! வெனிங், ஓடி வர்றாங்க பாரு, சத்தம் கேக்குதா?

வெனிங்: பாக், எங்க அம்மா? அம்மாவைப் பாத்தீங்களா?

தார்மின்: எந்தக் கலர் உடுத்தியிருக்காங்க?

வெனிங்: தெரியல... கையில ஒரு கூடை இருக்கும். ரோஜா இதழும் மல்லியும்.

தார்மின்: பூக்கூடையா... இரு. ஏம்மா, பூக்கூடைக்காரம்மா! இங்க வாங்க! ...வெனிங், ஏறிட்டாங்க! உள்ள போய் உக்காந்துட்டாங்க. 'என் மக ஆபீஸ்ல சொல்லி வாங்கிக் குடுத்தா'ன்னு பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பெருமை அடிக்கிறாங்க. நான் வெக்கறேன், ஏணியைத் தூக்கறாங்க.

திகோர்: ஏய் வெனிங், அழாத. ஏறிட்டாங்கல்ல? நான் அழணும், நீ ஏன் அழற? முதலாளி விருந்தாளிங்களை அனுப்பிட்டு வருவாரு. வந்து என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டுவாரு.

வெனிங்: உங்களை ஏன்? நான் சொல்றேன் அவர்கிட்ட.

திகோர்: வேணாம். இவ்வளவு நேரம் உன்கிட்ட மறைச்சுட்டேன்மா. ரத்துப் படியை யாரோ எடுத்தாங்கள்ல... அதுக்கு ஒப்புதல் குடுத்தது நான்தான்.

வெனிங்: தெரியும்.

திகோர்: தெரியுமா? நான் அதைப் படிக்கக்கூட இல்ல. யார் கேட்டாங்கன்னும் பாக்கல. போட்டதும் சுவர் பச்சையா இருந்துச்சு, விட்டுட்டேன். அதை மறைக்கத்தான் பாண்டுங்காரனைத் திட்டினேன்... ஆமா, நான்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?

வெனிங்: உங்ககிட்டக் கேட்டது நான்தானே.

திகோர்: நீயா! அடிப்பாவி... உனக்கு என்ன வந்துச்சு? எதுக்கு எடுத்த?

வெனிங்: ரோபோவுக்கு நெஜமான அடையாள எண் வேணும்னீங்க. அந்த எண்ல வேற யாரும் பயணம் பண்ணவும் கூடாதுன்னீங்க. என் பையில ஒரு அட்டை இருந்துச்சு.

திகோர்: யாரோட அட்டை?

வெனிங்: இனிமே எங்கயும் போகாதவனோடது.

திகோர்: வெனிங்... அம்மா கையில அந்தப் பூ... யார் கல்லறைக்கு?

வெனிங்: எங்க அண்ணனுக்கு. அவன் போனதுக்கு அப்புறம் வர்ற முதல் பெருநாள். நிமிஷத்துக்கு ஒரு தடவை என் ஸ்கிரீன்ல 'பிரஸ்தோவோ, பயணம் ரத்து'ன்னு வந்துட்டே இருந்துச்சு, என்னால பாக்க முடியல, அதான் எடுத்துட்டேன்... அவனைப் பாக்கப் போற அம்மாவுக்கு இடம் இல்லாம கப்பல் பூரா அவனையே உக்கார வெச்சது நான்தான் அண்ணே.