மூன்றாம் யுகத்தின் நாற்பதாம் பக்கம்

இந்த ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது சார். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இஞ்சி டீ என்று சொல்லி வெந்நீரைக் கலக்கித் தருவார்கள். நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள், நான்தான் எழுதித் தருகிறேன் என்று பேப்பர் கேட்டேன். பேசினால் நான் முன்னும் பின்னுமாக உளறுவேன், எழுதினால் ஒழுங்காக வரும். நாலாயிரம் பேர் தினமும் போய் வருகிற ஒரு உலகத்தை எழுதிய கை இது.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்கு அந்த உலகம் உண்டான கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாகத்தான் சொல்வேன். கதையை இழுப்பது குருவின் பழக்கம், என்னுடையது அல்ல.

என் பெயர் தினகரன். பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பது தொழில். குரு என்கிற குமரகுரு என் தெருக்காரன், பத்தாம் வகுப்பில் பக்கத்து பெஞ்ச். அவன் வீட்டில் தறி ஓடுகிறது. அம்மா புவனேஸ்வரி நடுவில் உட்கார்ந்து சேலையின் உடலை நெய்வார், இவன் அவருக்கு வலது கைப்பக்கம் உட்கார்ந்து, கரைக்கு நூல் சுற்றிய நாடாவை எறிவான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் அப்படி இரண்டு பேர் வேண்டும். இரண்டும் கோத்துக்கொள்ளும் இடத்துக்குக் கோர்வை என்று பெயர். சேலை கிழிந்தாலும் கோர்வை பிரியாது என்பார்கள்.

அந்தத் தறியைப் பார்த்துத்தான் எங்கள் உலகத்தைப் பிடித்தோம். தறியண்டம் என்று பெயர் வைத்தோம். ஆதியில் வானமும் இல்லை, பூமியும் இல்லை, ஒரு தறிக்குழி மட்டும் இருந்தது. அதில் உடலன், கரையன் என்று இரண்டு தேவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். உடலன் நாடா எறிந்த இடமெல்லாம் நிலமும் கடலும் ஆனது. கரையன் எறிந்தது அடிவானம் ஆனது. இது முதல் யுகம். இரண்டாம் யுகத்தில் மாங்காய் வடிவத்தில் மலைகள் முளைத்தன, சரிகைத் துணுக்குகளிலிருந்து மனிதர்கள் பிறந்தார்கள். பளபளவென்று இருப்பார்கள், தலைக்கனம் அதிகம். சூரியனையும் சந்திரனையும் இரண்டு பல்லிகளாக வானத்து உத்தரத்தில் ஓட விட்டது குருவின் யோசனை. நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. பிறகு சென்னையில் வேலை பார்க்கும் காயத்ரி என்ற பெண் அதைப் போனில் விளையாடுகிற மாதிரி செய்து கொடுத்தாள். ஆட்கள் வந்தார்கள். கோயம்புத்தூரில் ஒருவர், கனடாவில் ஒருவர், எல்லோரும் தறியண்டத்தில் நிலம் பிடித்து ஊர் கட்டினார்கள். நான் உடலனாக உள்ளே போவேன், குரு கரையனாகப் போவான். கும்பிடுவார்கள் சார். வேடிக்கைக்குத்தான், ஆனாலும் கும்பிடுவார்கள்.

கரையனைத்தான் அதிகம் பேர் கும்பிட்டார்கள். நிலமும் கடலும் செய்தவன் நான். ஓரத்தில் கோடு போட்டவனுக்குக் கோயில் கட்டினார்கள். எனக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம் வருத்தம் இருந்தது, அவ்வளவுதான்.

போன ஆனி மாதம் ஒரு நாள் பைக்கில் போகும்போது குரு சொன்னான்.

"மூணாவது யுகம் எழுதி முட்ச்சிட்டேன்டா தினா. இதுல உடலன் தூங்கப் போறான்."

"தூங்கறானா? எவ்ளோ நேரம்?"

"யுகம் பூரா. படிச்சிப் பாரு, போன்லயே இருக்குது. நாப்பது பக்கம்."

நாங்கள் வாலாஜாபாத் தாண்டி ஒரு கைவிட்ட கல்குவாரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆதிக்கடலுக்குப் படம் வேண்டும் என்று அவன்தான் இடம் பார்த்து வைத்திருந்தான். பாறையெல்லாம் நேராக வெட்டி, நடுவில் பச்சைத் தண்ணீர். உள்ளே வேலிக்காத்தான் மரங்கள் மூழ்கிக் கிடக்கும். நீங்கள் நேற்று பார்த்திருப்பீர்கள். நான் மேலிருந்து படம் எடுப்பது, உயரம் தெரிவதற்காக அவன் கீழே போய் நிற்பது என்று ஏற்பாடு. போன் நனைந்துவிடும் என்று என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். மத்தியானம் மூன்று மணி, நல்ல வெளிச்சம். படங்கள் அருமையாக வந்தன.

அவன் திரும்பி வரவில்லை. அது எப்படி என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், நான் அவனைத் தள்ளவில்லை என்பதை மட்டும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு முதலில் அவன் அம்மாதான் நினைவுக்கு வந்தார். அந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். புருஷன் போன பிறகு ஒரே மகனை வைத்துக்கொண்டு தறியை ஓட்டுகிறவர். அவரிடம் போய் இப்படி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டிருந்தது உண்மை. உடனே சேரச் சொல்லிவிட்டார்கள், டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கிறான், துணியைக் கொடுத்து ரயிலேற்றிவிடுகிறேன், அங்கே ரகசியமாக ஒரு விளையாட்டு செய்வதால் போனில் பேசக் கூடாதாம், தறியண்டத்துக்குள் வந்தால் எழுதுவானாம் என்று சொன்னேன். அவன் துணிமணிகளை வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா முறுக்கும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். முறுக்கை நான் சாப்பிட்டேன், வீணாக்க மனமில்லை. காயத்ரியிடம், குருவுக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, எழுத மட்டும் எழுதுவான் என்று சொல்லி வைத்தேன்.

சார், ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர் மகனைப் பார்ப்பதற்காகப் போனில் விளையாடக் கற்றுக்கொண்டார். நான்தான் கற்றுக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் ஊர் கட்டினார், மூன்று மாதத்தில் மலைநாட்டை வளைத்துப் போட்டார். கனடாக்காரர் அவரிடம் தோற்றுவிட்டு, இது யார் என்று என்னிடம் விசாரித்தார். தறியில் உட்காருகிற கைக்கு அந்த வேகம் வந்துவிடும் போலிருக்கிறது. தினமும் சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் கரையன் கோயிலுக்கு வருவார். கரையனாக நான் உட்கார்ந்திருப்பேன்.

பதினோரு மாதத்தில் நான் அவரிடம் பெரிதாகப் பொய் சொன்னதில்லை. சாப்பிட்டியாப்பா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்று எழுதுவேன், சாப்பிட்டுத்தான் இருப்பேன். சளி பிடித்திருந்தால் சளி என்பேன். மிளகு ரசம் வைத்துக் குடி என்பார், வைத்துக் குடிப்பேன். என் அம்மா இருந்த வரைக்கும் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை. அந்த நேரங்களில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாருக்கு நஷ்டம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மூன்றாம் யுகம் எங்கே என்று ஆட்கள் நச்சரிக்க ஆரம்பித்தார்கள். குரு எழுதியதை நான் போடவில்லை. பிடிக்காததை இரண்டாம் முறை திறக்கிற வழக்கம் எனக்கு இல்லை. நானே புதிதாக எழுதி, கரையன் பெயரில் இந்த வைகாசியில் வெளியிட்டேன். முதல் வரி எனக்கு மிகவும் பிடித்தது. 'கரையன் பழைய பாவு நூலை அடியோடு அறுத்து எறிந்து, வெறுந்தறியில் புதுப் பாவை ஏற்றினான்.' உடலன் எழுந்து நின்று கை தட்டினான் என்று அடுத்த வரி. எழுநூறு பேர் பாராட்டி எழுதினார்கள்.

மறுநாள் கருடசேவை. பஸ் எதுவும் ஓடவில்லை, தெருவெல்லாம் ஜனம். அந்தக் கூட்டத்தில் புவனேஸ்வரி அம்மா நடந்தே என் கடைக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, போனை என் மேஜை மேல் வைத்தார்.

"இத எழுதுனது என் புள்ள இல்ல தினா."

"அவன் பேர்லதானம்மா இருக்குது."

"பேர் இருக்குது. பாவை அடியோட அறுத்தான்னு போட்டுக்கீதே, எந்தத் தறிக்காரன்பா அடியோட அறுப்பான்?"

இந்த இடம் உங்களுக்குப் புரிய வேண்டும் சார். பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல். நாலாயிரத்துச் சொச்சம் இழை. ஒரு பாவு முடிந்தால் அதை முழுக்க அறுத்து எடுக்க மாட்டார்களாம். ஒரு சாண் விட்டு வைத்து, அந்த நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்களாம். அறுத்துவிட்டால் அத்தனை இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டும், நாள் கணக்கில் ஆகும். நான் கம்ப்யூட்டரில் பூவும் அன்னமும் போடுகிறவன். எங்கள் வீட்டில் தறி இருந்த காலத்திலும் நான் குழியில் கால் வைத்ததில்லை. எனக்கு அந்த வரி அழகாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

"கதைக்காக மாத்தி எழுதியிருப்பான்மா," என்றேன்.

"கதைல பல்லிய சூரியன்னு சொல்லுவான், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். இத மாத்த மாட்டான். எங்க வூட்ல தறிய மொட்டையா அறுத்தது ஒரே ஒரு தபா. அவுங்கப்பா செத்தப்போ, அவர் தறில இனிமே உக்கார ஆள் இல்லன்னு அறுத்தோம். இவன்தான் கத்திரி புட்ச்சான். அழுதுகினே அறுத்தான்."

 வெளியே நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. அது தூரமாகப் போகிற வரைக்கும் அவர் காத்திருந்தார்.

"பதினோரு மாசமா நான் யார்கூடப்பா பேசிக்கினு இருந்தேன்?"

"என்கூடதாம்மா."

"ரசம் வெச்சிக் குட்ச்சேன்னு சொன்னது?"

"நான்தான். நிஜமாவே குட்ச்சேன்மா."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எங்க இருக்கான்?" என்று கேட்டார். தண்ணீரில் என்றேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். பிறகு, "கதவ சாத்திக்கினு வா, போலாம்," என்றார். என் மணிக்கட்டைப் பிடித்தவர், அந்தக் கூட்டத்தில் ஸ்டேஷன் வரைக்கும் விடவே இல்லை. கை நாலு நாளாக வலிக்கிறது. நான் தப்பித்து ஓடுகிற ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது எனக்கு வருத்தம்தான்.

சரி, கல்குவாரி. படம் எடுத்து முடித்ததும் ஒரு நிழலில் உட்கார்ந்து அவன் போனைத் திறந்தேன். அவன் கீழே ஏதோ கல்லைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் பக்கத்தில் உடலன் நாடாவை வைத்துவிட்டுத் தூங்குகிறான். தறி முழுவதும் கரையன் கைக்கு வருகிறது. எனக்குப் பொறுக்கவில்லை சார், அதை மறைக்கவில்லை. பதினெட்டு வருடம் சேர்ந்து செய்த உலகம். சரியாக அந்த நேரத்தில்தான் கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

கல் சரிந்து விழுந்திருக்கிறான். நீச்சல் தெரியாது. வேலிக்காத்தான் கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "தினா, தினா," என்று கூப்பிட்டான். என் பையில் எட்டு முழ வேட்டி ஒன்று இருந்தது. இருபது படி அளவுக்கு இறங்கினால் போதும், எறிந்திருக்கலாம். எறியக் கூடாது என்று நான் முடிவு எதுவும் செய்யவில்லை. உடலன் எழுந்துகொள்கிறானா என்று தெரிந்துகொண்டு இறங்கலாம் என்று நினைத்தேன். எழுந்துவிட்டான் என்று ஒரு வரி வந்திருந்தால் ஓடியிருப்பேன், இது சத்தியம். பத்தாம் பக்கம் படித்தேன், பதினொன்று படித்தேன். அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் சில இடங்களை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. பதினேழாம் பக்கத்தில் சத்தம் நின்றது. உடலன் அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தான். அதற்கு மேல் படிக்க அவசியம் வரவில்லை, மூடிவிட்டேன்.

காலையில் நீங்கள் அந்தப் போனிலிருந்து கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினீர்கள். நாற்பதாம் பக்கத்தில் கரையன் பாவை முடிக்கிறான், ஒரு சாண் அறுக்காமல் விட்டு வைக்கிறான், உடலனைத் தொட்டு எழுப்பி, இதை நீதான் பிணைக்க வேண்டும், எனக்குத் தனியாக வராது என்று சொல்கிறான். படித்துவிட்டு நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நல்ல முடிவுதான் சார், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு முக்கியமான விஷயத்தை யாராவது நாற்பதாம் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்களா? ஒரு பதினாறாம் பக்கத்தில் எழுதியிருந்தால் அவன் இன்றைக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிந்துகொண்டிருப்பான். கதையை இழுக்காதேடா என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அவன் கேட்டதே இல்லை.