வட்டங்களுக்கு வெளியே நின்றோரையும் எண்ணியவருக்கு

நலப்பிரிவின் நாயகரே! கோபம் வந்தாலும் குரல் உயராத குணக்குன்றே! எங்கள் அன்புக்கும் கேலிக்கும் ஒருங்கே உரிய 'வட்டம் சார்' அவர்களே! வணக்கம்.

இத்தொழிற்சாலையில் தாங்கள் நடத்தாத கணக்கெடுப்பு இல்லை. வரையாத வட்டம் இல்லை. தேநீர் கேட்போருக்கு ஒரு வட்டம், காப்பி கேட்போருக்கு ஒரு வட்டம், இரண்டையும் கேட்டு உயிரை வாங்குவோருக்கு நடுவே ஒரு துண்டு இடம்! "முதல்ல நடுவுல இருக்கறவங்களைப் பிடிங்க, மத்தது தானா வரும்" என்று தாங்கள் சொல்லாத நாளும் இல்லை.

அத்தகைய தாங்களே ஒருமுறை அவசரத்தில் நடுவை மறந்தீர்கள். ஊழியர் இருநூறு பேரில் நிறுவனப் பேருந்தில் வருவோர் நூற்றிருபது. உணவகத்தில் உண்போர் எண்பது. கூட்டினால் கச்சிதமாக இருநூறு! வசதி எல்லாரையும் எட்டிவிட்டது என்று எழுதிக் கொடுத்தீர்கள். இனிப் புது ஏற்பாடு எதுவும் தேவையில்லை என்று நிர்வாகமும் முடிவெடுக்க இருந்தது.

மறுநாள் விடியுமுன் வேலைக்கு வந்த தாங்கள், துப்புரவுப் பிரிவு அக்காக்கள் படிக்கட்டில் அமர்ந்து சாப்பிடுவதைக் கண்டு காரணம் கேட்டீர்கள்.

"பஸ் வர்றதுக்கு முன்னாடியே நடந்து வந்துடறோம் சார். கேண்டீன் திறக்கறதுக்குள்ள வீட்டுக்குக் கிளம்பிடறோம்" என்றார் ஒருவர்.

இருக்கைக்கு ஓடிப்போய் வட்டங்களை வரைந்தீர்கள். இரண்டு வசதியும் பெற்றவர் நாற்பத்தைந்து பேர். அவர்களை இருமுறை எண்ணியிருந்தீர்கள். ஆக, ஏதேனும் ஒரு வசதியாவது பெற்றவர் நூற்றைம்பத்தைந்து பேரே. மீதி நாற்பத்தைந்து பேர் இரு வட்டங்களுக்கும் வெளியே நின்றார்கள்.

தங்கள் பதவி உயர்வு முடிவாகவிருந்த வாரம் அது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. தாங்களோ நிர்வாகியின் அறைக்குள் நுழைந்து, "நான் குடுத்த கணக்கு தப்புங்க. நாப்பத்தஞ்சு பேரை விட்டுட்டேன்" என்றீர்கள். உயர்வு கைநழுவியது. விடியற்காலைப் பேருந்து ஓடத் தொடங்கியது. உணவகமும் அதிகாலையில் திறந்தது. உயர்வு போனதற்காகத் தாங்கள் ஒருநாளும் வருந்திப் பேசியதில்லை, வருந்தியவர்கள் நாங்கள்தான்.

பணிநிறைவு விழாக்கள் இங்கே மாலையில்தான் நடக்கும். மாலையில் வைத்தால் அந்த அக்காக்கள் வர இயலாது என்பதால் இன்று காலையிலேயே கூடியிருக்கிறோம். முன்வரிசைகளைப் பாருங்கள், ஐயா. இம்மடலைத் தங்கள் கையில் தரப்போகிறவரும் அவர்களுள் மூத்தவரே.

நோயின்றி, குறையின்றி, இல்லத்தாரோடு இன்புற்று நெடுங்காலம் வாழ்க!

இங்ஙனம்,
ஊழியர் அனைவரும்,
ஒருவர்கூட விடுபடாமல்.