அப்பாகிட்ட கேட்டுச் சொல்லு

“ஹலோ… பெவினா? ஏலே, கேக்குதுல, சொல்லு… ம், ம்… கப்பல் எங்கன நிக்குது?… சரி, சரி… நல்லாருக்கோம்ல. எல்லாரும் நல்லாருக்கோம்.”

விஜிலா தம்பியிடம் அந்தப் பொய்யை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அப்பாவை அடக்கம் செய்து நாலு நாள்தான் ஆகிறது. கப்பலில் இருக்கிறவனுக்குத் துக்கச் செய்தி சொல்வதில்லை, இறங்கி வீடு வந்த பிறகுதான் என்பது அந்தத் தெருவின் வழக்கம். அவன் இறங்க இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. மூச்சு விடக் கூடாது என்று அம்மா சத்தியமே வாங்கியிருந்தாள்.

“யாரு, கப்பல்ல சமைக்க குக்கா? பெரு நாட்டுக்காரனா?… ஓ, ஸ்பானிஷ்தான் தெரியுமா… இங்கிலீஷ் பரீட்சை எழுதுதானா? சரி, என்ன வார்த்த?… மைண்டா? மனசுதாம்ல… ஆமா, ஆமா, ‘மைண்ட் யுவர் ஸ்டெப்’னா பாத்துப் போன்னு அர்த்தம்… ‘டூ யூ மைண்ட்’னா உனக்குச் சங்கடம் ஒண்ணும் இல்லியேன்னு கேக்கது… அவன் பாஷையில மூணுக்கும் மூணு வார்த்தயா? இதுல மட்டும் ஏன் ஒண்ணுன்னு கேக்கானா?… எனக்கு எப்படில தெரியும்… அப்பாட்டயா?”

சின்ன வயதிலிருந்தே இங்கிலீஷில் என்ன சந்தேகம் வந்தாலும் அவனுக்கு அப்பாதான். ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்த மனிதர்.

“தூங்குதாவல… இல்ல, எழுப்பக் கூடாது… சரி சரி, கத்தாத. கேக்கேன்.”

வேறு வழி தெரியவில்லை. முன்னறையில் மெழுகுவர்த்தி எரியும் அப்பாவின் படத்தின் முன்னால் போய் நின்று, தம்பிக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

“அப்பா… மைண்டுக்கு ஏன் இத்தன அர்த்தம்னு பெவின் கேக்கான்ப்பா…”

அடுக்களையில் அம்மா ஓவென்று அலறிவிட்டாள்.

“…யாருமில்லல. டிவி… ஏலே, டிவிதான்… பெவின்… அந்த குக்கு பக்கத்துல நிக்கானா? அவன் கையப் பிடிச்சுக்க. ஒத்தையில நிக்காத… ஆமா… ஆமால, செவ்வாக்கிழம… நெஞ்சுவலி. கஷ்டப்படல, சட்டுன்னு போயிட்டாவ… திட்டு, என்னைய நல்லாத் திட்டு… அழாதல, என் ராசா… இதக் கேளு. குழியில எல்லாரும் மண்ணு போட்டாவ. நானும் போட்டேன். பொறவு உன் பேரச் சொல்லி இன்னொரு பிடி போட்டேன்ல. கேட்டியா?… பெவின்?… ஹலோ?”

லைன் போயிருந்தது. எதுவரைக்கும் அவன் காதில் விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.