மாதாவுக்குப் போன வெளிச்சம்

பீடோங்கில் பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் ஊற்ற வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பழைய பிக்கப். அதன் பின்னால் நின்ற பெண் கத்தினார்:

“அண்ணே, நீங்க பிரேக் மிதிச்சா மாதா தலையிலதான் லைட்டு எரியுது!”

வண்டித் தட்டில் மாதா சுரூபம், தலையைச் சுற்றிச் சீரியல் பல்பு. காலடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

“பின்னால சிவப்பு?” என்றார் ஓட்டுநர்.

“ரெண்டு பக்கமும் வரல. சீரியலுக்குக் கரண்டு எங்க எடுத்தீங்க?”

“அவசரத்துல கைக்கு வந்த ஒயரை வெட்டிக் குடுத்தேன் லா.”

“அது பிரேக் ஒயரு! கழட்டுங்க.”

“மாதாவை இருட்டுலயா கொண்டு போறது? சுங்கை லாலாங்ல ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க. மெதுவாப் போவோம்.”

“மெதுவாப் போறது பின்னால வர்ற லோரிக்குத் தெரியுமா?”

அந்தப் பெண்ணே குனிந்து சீரியல் ஒயரைப் பிடுங்கி, பிரேக் ஒயரைப் பழையபடி சேர்த்து முறுக்கினார்.

“இப்ப மிதிங்க.”

இரண்டு பக்கமும் சிவப்பு வந்தது. சுரூபம் இருட்டில் நின்றது.

ஓட்டுநர் எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். “மாதாவை இருட்டுல விடுறது தப்பு லா, தங்கச்சி.”

“அவங்களும் பிள்ளை பெத்தவங்கதானே, அண்ணே. வண்டிய எடுங்க.”